ஏறிக்கொண்டே போன எண்

நம் வீட்டு மின்விசிறிக்குச் சுவரில் ஒரு குமிழ் இருக்கிறது. ஒன்றிலிருந்து ஐந்து வரை திருகலாம். மழை பெய்தால் ஒன்று, குழந்தை தூங்கினால் இரண்டு, சமைத்துவிட்டு வந்து உட்கார்ந்தால் ஐந்து. அவரவர் உடம்புக்கு ஏற்றபடி காற்றைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும் இந்த வசதியை ஏனோ விளக்குக்கு நாம் வைத்துக்கொள்ளவில்லை. விளக்குக்குத் தெரிந்தது இரண்டே சொல்: எரி, அணை.

எங்கள் வீட்டில் இந்தக் குறை பெரிதாகத் தெரிந்ததற்குக் காரணம் அம்மாவின் தொழில். அம்மா பூக்கட்டுகிறவர். கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் உள்ள ஒரு பூக்கடைக்கு இருபது வருடமாக வீட்டிலிருந்தே சரம் கட்டிக் கொடுக்கிறார். தமிழ்நாட்டிலிருந்து விமானத்தில் வந்து இறங்கும் மல்லிகை முதல் நாள் இரவே வீட்டுக்கு வந்துவிடும். விடியற்காலை நான்கரைக்கு எழுந்து, ஈரத் துணியைப் பிரித்து, தட்டில் கொட்டி, பழுப்பு ஏறிய மொட்டுகளைப் பொறுக்கி எறிந்துவிட்டுக் கட்ட உட்காருவார். ஆறு மணிக்குக் கடைப் பையன் மோட்டார் சைக்கிளில் வந்து வாங்கிக்கொண்டு போவான்.

அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு ஹால் விளக்கைப் போட்டால் அங்கே பாய் விரித்துப் படுத்திருக்கும் தங்கை மகன் புரண்டு புரண்டு படுப்பான். அடுப்படி விளக்கில் உட்கார்ந்தால் அம்மாவின் நிழலே தட்டின் மேல் விழும். அதைவிட, 'கண்ணக் குத்துது' என்று ஒரு நாளும், 'ஒண்ணும் தெரியல' என்று மறுநாளும் அம்மா சொல்ல ஆரம்பித்திருந்தார். சரத்தில் கறைப் பூ வருகிறது என்று கடையிலிருந்து ஒரு முறை சொல்லி அனுப்பினார்கள். இருபது வருடத்தில் அப்படி ஒரு சொல் வந்தது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு அம்மா சரியாகச் சாப்பிடவில்லை.

கடையில் மேசை விளக்குகள் விதவிதமாகக் கிடைக்கின்றன. ஆனால் இப்போது வருபவற்றில் பெரும்பாலும் தொட்டால் எரியும் வகை. பூக்கட்டுகிறவர் கை எப்போதும் ஈரம். ஈர விரல் பட்டால் அந்தத் தொடுபுள்ளி சில நேரம் கேட்காது, சில நேரம் தொடாமலேயே நிலை மாறும். கைப்பேசியால் கட்டுப்படுத்தும் பல்புகளும் உண்டு. நான்கரை மணிக்கு மூக்குக் கண்ணாடியைத் தேடி, கைப்பேசியைத் திறந்து, செயலியைத் தேடி விளக்கைக் குறைக்கச் சொன்னால் அம்மா மெழுகுவர்த்தியே மேல் என்பார்.

அப்போதுதான் தங்கை மகனுக்குப் பள்ளியில் ஆர்.பி.டி. பாடத்துக்கு ஒரு திட்டப்பணி கொடுத்தார்கள். படிவம் 2 பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு இது தெரிந்த கதை: மின்னணு வடிவமைப்பு, அதற்கு ஒரு ஃபோலியோ, அதில் பயனர் யார், அவருக்கு என்ன பிரச்சினை, நீ செய்த பொருள் அவருக்கு எப்படி உதவியது என்று வரிசையாகக் கேள்விகள். பையன் யூடியூப்பில் பார்த்த ரோபோ கையைச் செய்யப்போவதாகச் சொன்னான். 'பயனர் யாருடா?' என்று கேட்டேன். யோசித்தான். அடுப்படியில் தும்மல் சத்தம் கேட்டது. 'பாட்டி' என்றான்.

நான் பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அலுவலகத்தில் கணக்கு வேலை பார்ப்பவன். மின்னணுவில் எனக்கிருந்த முன்அனுபவம் சின்ன வயதில் வானொலிப் பெட்டியைப் பிரித்துப் போட்டதோடு சரி. ஆனால் இந்த வேலைக்கு அதுவே போதுமான தொடக்கம். அந்தப் பெட்டியில் சத்தத்தைக் கூட்டிக் குறைத்த குமிழின் பின்னால் இருந்த பொருளைத்தான் நாங்கள் வாங்கப் போனோம். ஆங்கிலத்தில் பொட்டென்ஷியோமீட்டர். எஸ்.பி.எம். எழுதியவர்கள் 'பெரிந்தாங் போலே லாராஸ்' என்று படித்திருப்பார்கள். தமிழில் மாறும் மின்தடை. மூன்று கால். உள்ளே குதிரை லாட வடிவில் ஒரு கரித் தடம், அதன் மேல் உரசிக்கொண்டே நகரும் ஒரு தகடு. இரண்டு ஓரக் கால்களுக்கு 5 வோல்ட்டையும் தரையையும் கொடுத்துவிட்டால், நடுக்காலில் 0-விலிருந்து 5 வரை, நாம் திருகும் அளவுக்கு ஏற்ற மின்னழுத்தம் கிடைக்கும்.

இணையத்தில் எல்லாம் கிடைக்கும் காலத்தில் ஜாலான் பாசாருக்கு எதற்குப் போக வேண்டும் என்று கேட்கலாம். ஒரு முறை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். கிள்ளானில் கொமுட்டர் ஏறி கேஎல் சென்ட்ரல், அங்கிருந்து எல்.ஆர்.டி.யில் மஸ்ஜித் ஜாமெக், மாறி ஏறினால் புடு. இறங்கி நடந்தால் சிறு சிறு இழுப்பறைகளை அடுக்கி வைத்த மின்னணுக் கடைகள். நாங்கள் நுழைந்த கடையின் பெரியவர் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு மலாயில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ரேடியோவுக்கா, விளக்குக்கா?"

நல்ல கேள்வி. குமிழ்களில் ஏ, பி என்று இரண்டு வகை உண்டு. பி-யில் பாதி திருகினால் மின்தடையும் பாதி. ஏ அப்படியில்லை, தொடக்கத்தில் மெதுவாகவும் கடைசியில் வேகமாகவும் ஏறும். நம் காது அப்படித்தான் கேட்கிறது என்பதால் வானொலிச் சத்தத்துக்கு ஏ. எங்களுக்குப் பி போதும், வளைவைக் கணினிச் சில்லு பார்த்துக்கொள்ளும் என்று சொன்னேன். 'பி10கே' என்று பொறித்த இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று இரண்டு வெள்ளிதான். குமிழின் மேல்மூடியைத் தேர்ந்தெடுக்கத்தான் நேரம் எடுத்துக்கொண்டோம். பளபளப்பான அலுமினிய மூடியைப் பையன் எடுத்தான்; நான் வேண்டாமென்று, ஓரம் சொரசொரப்பாக, நடுவில் மேடாக ஒரு கோடு ஓடும் கறுப்பு மூடியை எடுத்தேன்.

அந்தக் கோட்டுக்குக் காரணம் பிரிக்ஃபீல்ட்ஸ். 1951-இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இருக்கிறது. கேஎல் சென்ட்ரலிலிருந்து ஜாலான் துன் சம்பந்தன் பக்கம் நடக்கிற எவரும் நடைபாதையில் மேடு பதித்த மஞ்சள் ஓடுகளைப் பார்த்திருப்பார்கள். நேர்க்கோடு என்றால் நட, புள்ளி என்றால் நில். வெள்ளைக் கோல் வைத்திருப்பவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு, கைப்பேசியைப் பார்த்தபடி எதிரே வரும் நம்மைவிட நேராக நடப்பதைத் தினமும் பார்க்கிறேன். தொட்டுப் பார்த்தே நிலை தெரிய வேண்டும் என்பது மட்டும் எனக்கு அதனால் உறுதியாக இருந்தது. குமிழின் கோடு எந்தப் பக்கம் நோக்கியிருக்கிறது என்று இருட்டிலும் விரல் சொல்லிவிடும்.

மூளையாக வாங்கியது 'மேக்கர் ஊனோ' என்ற பலகை. பினாங்கில் இருக்கும் சைட்ரான் நிறுவனத்தின் தயாரிப்பு. அர்டுவினோ ஊனோவின் உறவுக்காரர். அர்டுவினோ 2005-இல் இத்தாலியின் இவ்ரியா என்ற சிறு நகரத்தில், பொறியாளர்களுக்காக அல்லாமல் வடிவமைப்புப் படித்த மாணவர்களுக்காகப் பிறந்தது. ஆசிரியர்களும் நண்பர்களும் கூடும் மதுக்கடை ஒன்றின் பெயரை அதற்கு வைத்தார்கள்; அந்தக் கடையின் பெயரோ 1002-இல் இத்தாலியின் அரசரான அர்டுவினுடையது. இதற்கு வழிபோட்டது அதே கல்லூரியில் படித்த கொலம்பியா நாட்டு மாணவர் ஹெர்னாண்டோ பர்ராகான் தன் ஆய்வுப்படிப்புக்காகச் செய்த 'வயரிங்' என்ற திட்டம். உலகம் அர்டுவினோவைத் தெரிந்துகொண்ட அளவுக்கு அவரைத் தெரிந்துகொள்ளவில்லை. அது எனக்கு நியாயமாகப் படவில்லை. பினாங்குக்காரர்கள் செய்த நல்ல காரியம், பலகையின் முனைகளில் பலவற்றுக்கும் பக்கத்தில் ஒரு குட்டி விளக்கை ஒட்டிவைத்தது. புதிதாகப் பழகும் பிள்ளைக்கு எது நடக்கிறது, எது நடக்கவில்லை என்று கண்ணுக்கு உடனே தெரியும்.

முதல் நாள் மாலை ஒரே ஒரு குமிழ், பலகையில் இருக்கும் ஒரு குட்டி விளக்கு, மூன்று கம்பி. அவ்வளவுதான் தேவை. குமிழின் நடுக்காலை ஏ0 என்ற முனையில் செருகினோம். சில்லு அந்த மின்னழுத்தத்தை அளந்து 0 முதல் 1023 வரை ஓர் எண்ணாகத் தரும். 5 வோல்ட்டை 1024 படிகளாக வெட்டியது போல. ஒரு படி ஏறக்குறைய 5 மில்லிவோல்ட். மடிக்கணினித் திரையில் எண் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே பையன் குமிழைத் திருகினான். இடது ஓரத்தில் 0. மெல்லத் திருகத் திருக 80, 212, 511. கை எடுத்த பிறகும் 511, 512, 511 என்று அது துள்ளிக்கொண்டிருந்தது. 'இது ஏன் மாமா சும்மா இருக்க மாட்டேங்குது?' என்றான். பதினாறு முறை அளந்து சராசரி எடுக்கச் சொன்னதும் அடங்கியது.

இனி வெளிச்சம். குறைந்த வெளிச்சம் என்று ஒன்று சில்லுக்குத் தெரியாது. அது போடும், எடுக்கும், அவ்வளவே. ஆனால் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 490 தடவை போட்டு எடுக்கும். ஒவ்வொரு தடவையிலும் எவ்வளவு நேரம் எரிகிறது, எவ்வளவு நேரம் அணைந்திருக்கிறது என்பதை மாற்றினால் நம் கண் அதைக் கூடின வெளிச்சம், குறைந்த வெளிச்சம் என்று எடுத்துக்கொள்ளும். ஓடும் மின்விசிறியின் இறக்கை தனித்தனியாகத் தெரியாதது போலத்தான். கைப்பேசிக் கேமராவில் பார்த்தால் திருட்டு வெளிப்படும்; திரையில் கோடு கோடாக ஓடும். பையன் அதை வீடு முழுக்க எல்லாரிடமும் காட்டிவிட்டு வந்தான்.

வேடிக்கை அதற்குப் பிறகு. எண் 0-விலிருந்து 1023 வரை சீராக ஏறினாலும் விளக்கு சீராக ஏறவில்லை. குமிழைக் கால்பங்கு திருகுவதற்குள் விளக்கு நன்றாக எரிந்துவிட்டது. மீதி முக்கால் பங்கு திருகியும் பெரிதாக ஒன்றும் கூடியது போல் தெரியவில்லை. கார்த்திகை தீபத்தன்று வாசலில் விளக்கு வைத்தவர்களுக்கு இது புரியும். இருட்டு வாசலில் முதல் அகலை வைத்ததும் இடமே மாறிவிடும். ஐம்பதாவது அகலை வைக்கும்போது ஒன்று கூடியதே தெரியாது. இரண்டும் ஒரே எண்ணெய், ஒரே திரி. கண் கூட்டல் கணக்குப் போடுவதில்லை, மடங்குக் கணக்குப் போடுகிறது.

எனவே எண்ணை அதே எண்ணால் பெருக்கினோம். குமிழ் பாதியில் நின்றால் விளக்குக்குப் போவது பாதி வெளிச்சமில்லை, கால்பங்கு. கால்பங்கில் நின்றால் பதினாறில் ஒரு பங்கு. நிரலில் ஒரே வரி மாற்றம்தான், ஆனால் குமிழ் உடனே பணிவாகிவிட்டது. எவ்வளவு திருகுகிறோமோ அவ்வளவு கூடுவது போலக் கண்ணுக்குப் பட்டது. ஜாலான் பாசார் பெரியவரின் கேள்விக்கு அன்றைக்குத்தான் பையனுக்கு விடை கிடைத்தது.

பெரிய விளக்குக்கு எல்.இ.டி. பட்டைகள் இரண்டு, மீட்டர் ஒன்று ஒன்றாக. ஒன்று பால் வெள்ளை, மற்றது பழைய குண்டு பல்பின் மஞ்சள். இடது குமிழ் வெளிச்சத்தின் அளவுக்கு. வலது குமிழ் வெள்ளையும் மஞ்சளும் எந்த விகிதத்தில் கலக்க வேண்டும் என்பதற்கு. ஊனோவின் ஒரு முனையிலிருந்து பயமில்லாமல் எடுக்கக்கூடியது 20 மில்லியாம்பியர். எங்கள் பட்டை ஒரு மீட்டருக்கு 400 கேட்கும். ஆகவே நடுவில் மாஸ்ஃபெட் என்ற ஒரு வாயிற்காவலன் வேண்டும். சில்லு அவனுக்குச் சைகை காட்டும், அவன் 12 வோல்ட் மின்சாரத்தைத் திறந்து மூடுவான். பலகைக்குக் கைப்பேசி சார்ஜர், பட்டைக்குத் தனி அடாப்டர், இரண்டின் தரைக்கம்பியும் ஒன்றாக முறுக்கப்பட வேண்டும். இது இல்லாவிட்டால் எதுவும் வேலை செய்யாது.

இந்த இடத்தில் பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளைகள் இதைப் பார்த்துவிட்டுச் சுவர் மின்சாரத்தில் கை வைக்க ஆசைப்படுவார்கள். 12 வோல்ட்டோடு நிற்க வேண்டும். எங்கள் வீட்டில் விளக்கின் கீழே ஈரக் கையும் தண்ணீர் தெளித்த பூவும் என்பதால் அடாப்டரை ஆளுயரத்தில் சுவரில் மாட்டினோம். பெட்டிக்குப் பிஸ்கட் டின் அழகாக இருக்கும் என்று தங்கை சொன்னாள். தகரம் கம்பியில் பட்டால் வம்பு. ஐஸ்கிரீம் வந்த பிளாஸ்டிக் டப்பா போதும்.

விளக்கை மாட்டிக் கொடுத்த மறுநாள் விடியற்காலை நானும் எழுந்தேன். அம்மா தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, யாரும் சொல்லிக் கொடுக்காமல், இடது குமிழைப் பிடித்து மெல்லத் திருகினார். நின்றார். இன்னும் கொஞ்சம் திருகினார். 'கார்பைட் லாம்பு மாதிரியே இருக்குடா' என்றார்.

கல்யாணத்துக்கு முன்பு அம்மா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் காட்டுக்குள் போக நெற்றியில் கார்பைட் விளக்கு. அதன் கீழ் அறையில் கார்பைட் கல், மேல் அறையில் தண்ணீர், நடுவில் ஒரு திருகு. திருகைத் திறந்தால் தண்ணீர் சொட்டும், கல்லில் பட்டு வாயு கிளம்பும், சுடர் நீளும். குறைத்தால் சுடர் குறையும். கோடு போட்ட இடம் தெரியும் அளவுக்குச் சுடர், கல் சீக்கிரம் தீராத அளவுக்குத் தண்ணீர். பதினெட்டு வயதில் அம்மா தினமும் போட்ட கணக்கு அது. ஐரோப்பாவில் பிறந்து பினாங்கில் வளர்ந்த சில்லும் நானும் பையனும் சேர்ந்து ஒரு மாதம் பாடுபட்டு அம்மாவுக்குத் திருப்பிக் கொடுத்தது அந்தத் திருகைத்தான்.

வலது குமிழ்தான் எங்களுக்குப் பாடம் நடத்தியது. வண்ணம் மாற்றுவது ஆடம்பரம் என்று நினைத்துத்தான் வைத்தோம். அம்மா ஒரு வாரத்தில் அதற்கு வேலை கண்டுபிடித்தார். மஞ்சள் வெளிச்சத்தில் மல்லிகையின் பழுப்பு மறைந்துவிடுகிறது. வெள்ளை வெளிச்சத்தில் கறை தனியாகத் தெரிகிறது. ஆனால் வெள்ளையில் ஒரு மணி நேரம் நார் முடிச்சுப் போட்டால் கண் எரிகிறது. அதனால் முதல் இருபது நிமிடம் வெள்ளை, பிறகு மஞ்சள். 'பொறுக்குற வெளிச்சம், கட்டுற வெளிச்சம்' என்று பெயரும் வைத்துவிட்டார். கடையிலிருந்து பிறகு கறை பற்றிய பேச்சு வரவில்லை.

ஃபோலியோவுக்காகப் பையன் தினமும் ஓர் எண் எழுதிவந்தான். அம்மா வேலை முடிந்ததும் சுவர்ச் சுவிட்சைத்தான் அணைப்பார். குமிழ் விட்ட இடத்தில் நிற்கும். மின்சாரம் போனாலும் குமிழ் மறக்காது, பல தொடுவிளக்குகளுக்கு இல்லாத குணம் இது. பள்ளிக்குக் கிளம்புமுன் மடிக்கணினியைச் செருகி இரண்டு குமிழ்களின் எண்ணையும் குறித்துக்கொள்வான். முதல் வாரங்களில் இடது குமிழ் 400-ஐச் சுற்றியே நின்றது. ஃபோலியோ கொடுத்து, மதிப்பெண்ணும் வந்துவிட்டது. ஆனால் எழுதும் பழக்கம் விடவில்லை. ஐந்தாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டக் காகிதத்தோடு வந்தான்.

"மாமா, விளக்கு வீக் ஆகுது போல. பாட்டி ஏத்திக்கிட்டே போறாங்க."

கோடு படிப்படியாக மேலே போயிருந்தது. 400, 470, 560. கடைசி வாரத்தில் 700. நாங்கள் பெருக்கல் வைத்திருப்பதால் 400-க்கும் 700-க்கும் இடையே விளக்கில் வித்தியாசம் மூன்று மடங்கு. வலது குமிழும் மெல்ல மெல்ல மஞ்சள் பக்கம் நகர்ந்திருந்தது.

எல்.இ.டி. காலப்போக்கில் மங்கும், ஆனால் ஆயிரக்கணக்கான மணி நேரம் ஆகும். ஐந்து மாதத்தில், அதுவும் தினம் ஒன்றரை மணி நேரத்தில், மூன்றில் ஒரு பங்காகக் குறையாது. மல்டிமீட்டரை வைத்துக் குமிழைச் சோதித்தோம். சரியாக இருந்தது. அடாப்டரில் 12 வோல்ட். முதல் வாரத்தில் பையன் ஃபோலியோவுக்காகக் கைப்பேசிச் செயலி வைத்து, குமிழ் 400-இல் நிற்கும்போது தட்டின் மேல் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்று அளந்து எழுதியிருந்தான். அதே கைப்பேசி, அதே இடம், அதே 400. அளவு ஏறக்குறைய அதேதான்.

பையன் என்னைப் பார்த்தான். நான் அடுப்படிப் பக்கம் பார்த்தேன். விளக்கு மாறவில்லை என்றால் மாறியிருக்கக்கூடியது இன்னும் ஒன்றுதான் இருந்தது.

அம்மாவிடம் கேட்டால் எப்போதும் வரும் பதில்தான் வந்தது: 'வயசாச்சுன்னா அப்படித்தான். போதும்லா, வேலையப் பாரு.' நான் வாதாடவில்லை. கட்டக் காகிதத்தைப் பேரன் கையாலேயே காட்டச் சொன்னேன். அவன் விரலை வைத்து ஒவ்வொரு வாரமாக நகர்த்தினான். 'இது நீங்க திருகினது பாட்டி, நாங்க எழுதினது மட்டும்தான்.' அம்மா அந்தக் கோட்டை வெகு நேரம் பார்த்தார். பிறகு, இரவில் எதிர்வரும் கார் விளக்குகள் பூப்பூவாக விரிவதையும், கோயிலில் ஒரு மாதமாகச் செருப்பைத் தேட வேண்டியிருப்பதையும் தானாகவே சொன்னார்.

இரண்டு கண்ணிலும் கண்புரை. வலது கண்ணில் அதிகம். அம்மாவுக்கு இனிப்பு நீர் உண்டு. அது கண்புரையைச் சீக்கிரம் வரவழைக்கக்கூடியது என்று மருத்துவர் சொன்னார். அந்தக் காகிதத்தை நான் பையில் எடுத்துப் போயிருந்தேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, வயதானால் கண்மணி சுருங்கி லென்ஸும் மஞ்சளாகும், அறுபது வயதுக் கண்ணுக்குள் போய்ச் சேருவது இருபது வயதுக் கண்ணுக்குப் போவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம்தான், அதனால் பெரியவர்கள் விளக்கைக் கூட்டுவது இயல்பு என்றார். ஆனால் அது பல வருடக் கணக்கு. ஐந்து மாதத்தில் இப்படி ஏறுவது இயல்பில்லை. வெள்ளை வெளிச்சத்திலிருக்கும் நீலம் மங்கிய லென்ஸில் அதிகமாகச் சிதறும். வலது குமிழ் மஞ்சளுக்கு நகர்ந்ததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம் என்றார். குமிழை வைத்து நோயைக் கண்டுபிடிக்க முடியாது. நாங்கள் அங்கே போய் உட்கார்ந்தது மட்டும் அந்த எண்ணால்தான்.

நம் நாட்டில் 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் 2014-இல் நடந்த தேசியக் கண் ஆய்வில், பார்வையிழந்தவர்களில் பாதிப்பேருக்கு மேல் காரணமாக இருந்தது சிகிச்சை பெறாத கண்புரை. அறுவை சிகிச்சை செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும் ஒன்று. எங்கள் அம்மாவைப் போல 'வயசாச்சுன்னா அப்படித்தான்' என்று சொல்லிக்கொண்டு விளக்கருகில் நகர்ந்து நகர்ந்து உட்காருகிறவர்கள் எத்தனை வீட்டில் இருப்பார்கள்! எரி, அணை மட்டும் தெரிந்த விளக்கு அதை யாரிடமும் சொல்லாது.

முதலில் வலது கண். கட்டைப் பிரித்த மறுவாரம் அம்மா மல்லிகைத் தட்டின் முன் உட்கார்ந்து ஒரு கண்ணை மூடினார், திறந்தார், மற்றதை மூடினார். 'இந்தக் கண்ணுக்கு மல்லி வெள்ளையா இருக்கு. இதுக்கு வெண்ணெய் கலரு' என்றார். பையனையும் அப்படி மூடித் திறந்து பார்க்கச் சொன்னார். அவனுக்கு இரண்டும் வெள்ளைதான். 'உனக்கு எங்க தெரியப்போவுது' என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். மஞ்சளித்த பழைய லென்ஸ் போய்ப் புதியது வந்ததும் உலகம் கொஞ்சம் நீலமாகத் தெரியும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார்.

கண்ணில் தண்ணீர் படக் கூடாது, குனியக் கூடாது என்று சொன்னதால் சில வாரம் பூவுக்கு விடுப்பு. அந்த நாட்களில் அம்மா பட்ட பாட்டைவிட எங்களைப் படுத்திய பாடு அதிகம். அதன் பிறகு முதல் விடியற்காலை 700-இல் நின்றிருந்த குமிழோடு விளக்கைப் போட்டவர், 'யப்பா!' என்று கையால் கண்ணை மறைத்துக்கொண்டு மளமளவென்று இடது பக்கம் திருகினார். அன்று காலைப் பையன் குறித்த எண் 430. இரண்டாவது கண்ணும் முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. இந்த வாரம் 350.

போன வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் அம்மா தன் பழைய தோட்டத்துச் சிநேகிதி ஒருவரிடம் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார். அவரும் பூக்கட்டுகிறவர்தான், எழுபது வயது. இப்போது அவருக்கும் ஒன்று வேண்டுமாம். வரும் சனிக்கிழமை பையனும் நானும் மறுபடி ஜாலான் பாசார் போகிறோம். கிளம்புமுன் வாங்க வேண்டியதைப் பையன் எழுதிக்கொண்டிருந்தபோது அம்மா எட்டிப் பார்த்து ஒன்றைத் திருத்தச் சொன்னார்.

"குமிழ மட்டும் பெரிசா பாத்து வாங்குங்க. அவளுக்கு வாதக் கை. இவ்ளோ சின்னதப் புடிச்சுத் திருக வராது."